மயங்கினவருக்காகப் பேசும் வளையல்

நெஞ்சுவலியில் மயங்கி விழுந்தவரைத் தூக்கிக்கிட்டுப் போனா டாக்டர் கேக்கற முதல் கேள்வி, "ஏற்கெனவே என்ன வியாதி? என்ன மாத்திரை சாப்பிடறார்?" பதில் தெரிஞ்ச ஒரே ஆள் நினைவில்லாம கிடக்கார். என்ன செய்யறது?

இதுக்கு விடை கிடைச்சது கலிஃபோர்னியாவில் டர்லாக் என்கிற ஊர்ல. 1953ல் டாக்டர் மேரியன் காலின்ஸோட மகள் லிண்டாவுக்கு விரல்ல வெட்டுக்காயம். டெட்டனஸ் மருந்து ஒத்துக்குமான்னு பார்க்கப் போட்ட சோதனை ஊசியே உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது. எப்படியோ பிழைச்சுட்டா. அடுத்த முறை இதை யார் சொல்லுவாங்க? ஒவ்வாத மருந்துகளைப் பொறிச்சு வெள்ளி வளையல் ஒண்ணு செஞ்சு மாட்டினாங்க. 1956ல் அதுவே 'மெடிக்அலர்ட்' என்ற அறக்கட்டளை ஆச்சு.

அலர்ஜிக்குப் பிறந்த யோசனை இதய நோயாளிகளுக்கும் கச்சிதமாப் பொருந்திச்சு. 1958ல் ஸ்வீடன்ல ஆர்னே லார்சன் உடம்புக்குள்ள முதல் பேஸ்மேக்கர் வச்சாங்க. பின்னாடி, கருவியோட கம்பெனி, மாடல் போட்ட அட்டையை நோயாளி கையோட வச்சிருக்கறது வழக்கமாச்சு. ஏன்னா ஒரு கம்பெனி கருவியைச் சோதிக்க அதே கம்பெனி மெஷின்தான் வேணும்.

ஆனா வளையல்ல எல்லாமே அடங்காதே! ஈசிஜியில தெரியற கோளாறு இன்னிக்கு வந்ததா, பத்து வருஷமா இருக்கறதான்னு பழைய ஈசிஜி இருந்தாத்தான் சட்டுனு புரியும். வார்ஃபரின் சாப்பிடறவர்னு தெரியலைன்னா ரத்தப்போக்கு ஆபத்து.

2014ல் ஆப்பிள், பூட்டின ஃபோன்லயே தெரியற மருத்துவக் குறிப்பைக் கொண்டு வந்தது. இருந்தாலும் சார்ஜ் தீர்ந்தா அதுவும் மயக்கம்தான். வீட்ல இதய நோயாளி இருந்தா, பழைய ஈசிஜி ஜெராக்ஸும் மாத்திரைப் பட்டியலும் இன்னிக்கே அவர் பர்ஸுக்குப் போகட்டும்.