அம்புக்குறி ஏன் எதிர்ப்பக்கம் போகுது?

சுற்று கீறும்போது ஓட்டத்தின் அம்புக்குறியை நேர் முனையிலிருந்து மறை முனைக்குப் போடுகிறோம். கம்பிக்குள்ள இலத்திரன்கள் ஓடுறது மறுபக்கம். நாங்கள் எல்லாரும் தலையைச் சொறிஞ்ச இடம் இது.

1747இல் பெஞ்சமின் பிராங்ளின் மின்னை ஒரேயொரு திரவம் போல நினைத்தார். அது கூடினால் நேர், குறைஞ்சால் மறை. தேய்த்த கண்ணாடியில் கூடுது எண்டு வைத்துக்கொண்டார். பார்த்துச் சொல்ல அப்ப வழியில்லை, வெறும் ஊகம்தான். 150 வருஷம் கழித்து, 1897இல் ஜே. ஜே. தொம்சன் இலத்திரனைக் கண்டறிந்தார். அதன் ஏற்றம் மறை! கண்ணாடி உண்மையில் இலத்திரனை இழந்திருந்தது.

அதுக்குள்ள விதிகளும் பாடநூல்களும் பழைய திசையிலேயே எழுதப்பட்டுவிட்டன. கணக்கும் பிழைக்காது: மறை ஏற்றம் இடப்பக்கம் போவதும் நேர் ஏற்றம் வலப்பக்கம் போவதும் ஒரே ஓட்டம்தான். உப்புத்தண்ணியிலோ நேர் அயன்கள் அம்புக்குறியோடயே போகும், மறை அயன்கள் எதிர்ப்பக்கம். அங்கே பிராங்ளின் பாதி சரி.