பொறி சொன்னால் மெய்யா?

தேர்வு இல்லை, வினாத்தாள் இல்லை, மனப்பாடம் செய்ததை மூன்று மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும் வேலையும் இல்லை! வகுப்பிலே உள்ளோர் அனைவரும் கூடி ஒரு கணிப்பொறி நிரல் எழுத வேண்டும். எழுதியதை வேறொரு பேராசிரியர் முன் வைக்க வேண்டும். அவர் ஆராய்ந்து ஏற்றுக்கொண்டால் அனைவருக்கும் வெற்றி. அமெரிக்க நாட்டிலே, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலே, 1969–70 கல்வியாண்டில், ரொனால்டு ரோரர் என்னும் பேராசிரியர் தம் மாணவர்க்கு விதித்த விதி இது. நடுவராக வாய்த்தவர் டொனால்டு பெடர்சன். மின்சுற்றுக் கலையிலே பழுத்தவர். பல்கலைக்கழகத்துக்குள்ளேயே சில்லு செய்யும் கூடத்தை அமைத்துக் காட்டியவர்.

அப்படி என்ன நிரல் அது? ஒரு மின்சுற்றைக் கட்டாமலேயே, கட்டினால் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கணக்கிட்டுக் காட்டும் நிரல். ஒப்புருவாக்கம் என்று இன்று கூறுகிறோம். சிமுலேஷன் என்றால் தொழிற்கூடத்தில் எவருக்கும் புரியும்.

அதன் தேவையை உணர வேண்டுமானால், அதற்கு முன்னிருந்த நிலையைச் சற்றுப் பார்க்க வேண்டும், தோழர்களே! வானொலிப் பெட்டிக்கு ஒரு சுற்று வேண்டும் என்றால், பொறியாளர் ஒரு பலகையை எடுத்தார், டிரான்சிஸ்டர், மின்தடை, மின்தேக்கி எல்லாவற்றையும் அதன்மீது பொருத்தினார், கம்பிகளை இணைத்தார், மின்கலத்தைச் சேர்த்தார், அளவுகருவியைத் தொட்டுப் பார்த்தார். முள் சரியான இடத்தில் நின்றால் மகிழ்ச்சி. இல்லையெனில் ஒரு மின்தடையைக் கழற்றி மற்றொன்றை மாட்டுவார். கண்ணால் கண்டார், கையால் தொட்டார், அளந்தார், அறிந்தார். நல்ல முறைதான். குறை சொல்வதற்கில்லை.

ஆனால் 1958-இல் ஜாக் கில்பியும், 1959-இல் ராபர்ட் நாய்ஸும் வகுத்த புதுவழியிலே சுற்று முழுவதும் ஒரே சிலிக்கன் சில்லுக்குள் புகுந்துகொண்டது. புகுந்தபின்? கழற்றி மாட்ட இயலுமா! ஒரு தவறு நேர்ந்தால் அச்சுப்படிவங்களைப் புதிதாக வரைந்து, சில்லை மீண்டும் சமைத்து, வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டும். பொருளும் போயிற்று, காலமும் போயிற்று. சரி, முதலில் பலகையில் கட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு சில்லாக்கலாமே என்று கேட்கத் தோன்றும். பலகையிலே ஓடும் கம்பிகளுக்கு உள்ள மின்தேக்கமே, சில்லுக்குள்ளிருக்கும் நுண்ணுறுப்புகளுடையதைவிடப் பன்மடங்கு பெரிது. யானையை நிறுக்கும் தராசிலே குன்றிமணியை நிறுப்பது போன்றது அது. பலகை பொய் சொல்லத் தொடங்கிற்று. கணக்கைத் தவிர வேறு துணை இல்லை என்றாயிற்று.

கணக்கின் அடிப்படை பழையது. கோனிக்ஸ்பர்க் நகரில் மாணவனாக இருந்த 21 வயது இளைஞன், கிர்க்காஃப், 1845-இல் வகுத்தது. ஒரு சந்திக்குள் வரும் மின்னோட்டம் எவ்வளவோ, அவ்வளவே வெளியேறும். ஒரு வளையத்தைச் சுற்றி வந்தால் மின்னழுத்தங்களின் கூட்டுத்தொகை சுழி. இவ்வளவுதான். மின்தடைகள் மட்டும் இருந்தால் பள்ளிக் கணக்கிலேயே முடிந்துவிடும். டிரான்சிஸ்டர் வந்ததும் சிக்கல் வந்தது. அறை வெப்பத்திலே, அதன் அடிவாயில் ஏறத்தாழ 60 மில்லிவோல்ட் கூடினால், மின்னோட்டம் 10 மடங்காகப் பெருகுகிறது! நேர்கோட்டில் நடவாத இந்த உறுப்பை எந்தச் சூத்திரத்தாலும் ஒரே அடியில் பிடிக்க முடியாது. எனவே நியூட்டன், ராப்சன் ஆகியோர் 17-ஆம் நூற்றாண்டில் காட்டிய வழியைப் பற்றினர்: விடையை ஊகி, ஊகித்த இடத்தில் வளைவை நேர்கோடாகக் கொண்டு கணக்கிடு, வந்த விடையைப் புது ஊகமாக வைத்து மீண்டும் கணக்கிடு. அடுத்தடுத்த விடைகள் நெருங்கி, வேறுபாடு தேய்ந்தால் நிறுத்து. மனிதன் செய்தால் மண்டை காயும் வேலை. பொறிக்குக் களைப்பு ஏது?

வகுப்பிலே உருவான நிரலுக்கு லாரன்ஸ் நேகல் என்னும் மாணவர் முதன்மையாக உழைத்தார். அதற்கு இட்ட பெயரைக் கேட்டால் திகைப்பு வரும். 'கேன்சர்'! 'கதிரியக்கம் நீங்கலாக, நேர்கோட்டில் அமையாத மின்சுற்றுகளின் கணிப்பொறி ஆய்வு' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் அவை. கதிரியக்கம் இங்கே ஏன் வந்தது? அந்நாளில் இத்தகைய நிரல்கள் பலவற்றுக்குப் பொருளுதவி செய்தது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை. கதிரியக்கம் பாய்ந்தாலும் சுற்று தாங்குமா என்று கணக்கிட்டுத் தர வேண்டும் என்பது அதன் நிபந்தனை. வியட்நாம் போர் மூண்டெரிந்த காலம். பெர்க்லி வளாகமோ போர் எதிர்ப்பின் பாசறை. 'உமது பணமும் வேண்டா, உமது கதிரியக்கக் கணக்கும் வேண்டா' என்பதை ஒரு பெயருக்குள்ளேயே பொதிந்து வைத்தனர் இளைஞர். கசப்பான நகைச்சுவைதான். 1971-இல் நேகலும் ரோரரும் அதனை ஆய்விதழில் வெளியிட்டனர்.

ரோரர் பெர்க்லியை விட்டுச் சென்றார். நேகலுக்கு வழிகாட்டியாக வந்தவர், முன்னாள் நடுவர் பெடர்சன். இந்த வரலாற்றிலே நான் மிகுதியும் மதிக்கும் திருப்பம் இதுதான். 'கேன்சர்' தனியுரிமைக் கட்டுக்குள் இருந்தது. பெடர்சன் அதற்கு இசையவில்லை. கட்டுகள் நீங்கும் அளவுக்கு நிரலைத் திருத்தி எழுதி, பொதுவுடைமையாக்கு என்றார். எழுதினார் நேகல். பெயரும் மாறிற்று, நோயின் பெயர் போய் நறுமணப் பொருளின் பெயர் வந்தது — 'ஸ்பைஸ்'. 1973 ஏப்ரலில் கனடாவின் வாட்டர்லூவில் நடந்த மாநாட்டிலே அது அறிமுகமாயிற்று. 1975-இல் நேகலின் முனைவர் பட்ட ஆய்வாக இரண்டாம் ஸ்பைஸ் வந்தது. மின்தூண்டியையும் மின்னழுத்த மூலத்தையும் இயல்பாகக் கையாளும் திறனும், வேகமாக மாறும் இடத்தில் சிற்றடியும் அமைதியான இடத்தில் பேரடியும் வைத்துக் காலத்தைக் கடக்கும் திறனும் அதற்கு வாய்த்தன.

நாடாவில் பதிந்து, நாடிவந்தோர்க்கெல்லாம் வழங்கினர். படிப்பு முடித்து வேலைக்குச் சென்ற மாணவர்கள் தம்மோடு அதைத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுசென்றனர். விளைவு? பல்லாயிரம் கண்கள் அதைப் பார்த்தன, பிழை கண்டன, திருத்தின. மூடிய பெட்டிக்குள் இருந்து வரும் விடையை நம்பத்தான் முடியும். திறந்த ஏட்டின் கணக்கைச் சரிபார்க்கவும் முடியும். (அந்நாளில் சுற்றின் விவரத்தைத் துளையிட்ட அட்டைகளிலே கொடுத்தனர், அட்டை மறைந்து நெடுங்காலமான பின்னும், விவரத்தின் ஒரு வரியை 'அட்டை' என்றே அழைப்போர் உண்டு!)

இனி, தலைப்பிலே கேட்ட வினாவுக்கு வருவோம். பொறி கணக்கிட்டது, வரைபடம் வந்தது, அழகான அலைவடிவம் தெரிகிறது. அது மெய்யா?

'கணிப்பொறியே கூறிவிட்டது' என்று கைகட்டி நிற்போர் உளர். 'ஏட்டிலே எழுதியிருக்கிறது' என்று அன்று கைகட்டி நின்றோரின் உடன்பிறப்புகள் இவர்கள்! ஸ்பைஸ் தன் விடையைத் தானே முற்றும் மெய்யென்று கூறவில்லை. அடுத்தடுத்த இரு விடைகளின் வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கினால் போதும் என்று நின்றுவிடுகிறது. வேறு அளவு வேண்டுமானால் நாம்தான் கேட்க வேண்டும். வெப்பம் இவ்வளவு என்று நாம் சொல்லாவிட்டால் 27 டிகிரி செல்சியஸ் என்று கொள்கிறது. மூடிய பெட்டிக்குள் 70 டிகிரியில் வேகப்போகும் சுற்றின் நிலையை அது எப்படி அறியும்? 1000 ஓம் என்று எழுதினால் 1000 என்றே கொள்ளும். கடையில் வாங்கும் மின்தடையோ 5 விழுக்காடு கூடலாம், குறையலாம்.

இன்னும் ஒன்று பாருங்கள். இருபுறமும் ஒத்த இரு டிரான்சிஸ்டர்கள், ஒன்று எழ மற்றொன்று தாழ, மாறிமாறி அலை எழுப்பும் ஒரு சுற்று. கணக்கிலே அதை இட்டால், சில வேளைகளில் அசைவே இல்லாமல் நிற்கும். ஏன்? இரு பக்கமும் அணுவளவும் வேறுபாடின்றி ஒத்திருப்பதால், எந்தப் பக்கம் சாய்வது என்பதற்குக் காரணமே இல்லை! மெய்யான சுற்றிலே முழு ஒப்புமை கிடையாது. ஓயாத மின் இரைச்சலும் உண்டு. அந்தச் சிறு குறையே அலையைத் தொடங்கிவைக்கிறது. குறையே இல்லாத உலகத்தில் சுற்று ஓடவில்லை. எனவே, கணக்கிலே வேண்டுமென்றே ஒரு சிறு உதை கொடுத்துத் தொடங்கிவைக்கின்றனர் பொறியாளர்.

மறுபுறமும் உண்டு. காலத்தை அடியடியாகக் கடக்கும் முறைகளில் ஒன்று, இல்லாத நடுக்கத்தை இருப்பதாகக் காட்டும். மற்றொன்று, உள்ள நடுக்கத்தை அமுக்கி அமைதியாகக் காட்டும். ஸ்பைஸ் இரண்டையும் தருகிறது. இரு முறையிலும் ஓட்டி ஒப்பிட்டுப் பார்ப்பவன் ஏமாறுவது குறைவு.

எல்லாவற்றுக்கும் மேலாக, டிரான்சிஸ்டர் எப்படி நடக்கும் என்று பொறிக்கு நாம் தரும் வாய்பாடு. மாதிரி என்பர். பெல் ஆய்வகத்தின் கும்மலும் பூனும் 1970-இல் தந்த வாய்பாடு ஒரு காலத்துக்கு ஏற்றதாயிருந்தது. டிரான்சிஸ்டரின் மற்றொரு வகையான மாஸ் நாளுக்கு நாள் சிறுத்தபோது, அதற்கிருந்த பழைய வாய்பாடு தோற்றது. பெர்க்லியிலேயே 'பிசிம்' என்ற புதுவரிசை எழுந்தது. சில்லைச் சமைத்து, அளந்து, அளவுக்கேற்ப எண்களைத் திருத்தி, மீண்டும் சமைத்து, மீண்டும் அளந்து வளர்ந்த வரிசை அது. அளவுகருவி பேசிய பின்னரே வாய்பாடு பேசிற்று.

இதை உரக்கக் கூறியவர் பாப் பீஸ். நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் பொறியாளர், 2011-இல் மறைந்தவர். ஸ்பைஸின் பொய்களைத் தம் இதழ்ப்பத்தியிலே ஓயாது சாடினார். கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு கணிப்பொறியைத் தூக்கியே எறிந்தார்! சினத்திலே பாதி நியாயம் உண்டு. ஆனால் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் குடியேறிய சில்லைப் பலகையில் கட்டிப் பார் என்று இன்று எவரும் கூற இயலாது. கேளாத வினாவுக்குப் பொறி விடை தராது என்பதுதான் பெருஞ்சிக்கல். 1994-இல் இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் சில்லு சில வகுத்தல் கணக்குகளில் பிழை செய்தது. உள்ளிருந்த அட்டவணையிலே சில எண்கள் விடுபட்டிருந்தன. அவ்விடத்தைத் தொடும் வினாவை வெளியீட்டுக்கு முன் எந்தச் சோதனையும் எழுப்பவில்லை. எண்களின் இயல்பை ஆராய்ந்துகொண்டிருந்த தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர், தம் விடைகள் பொருந்தாமை கண்டு, ஐயுற்று, துருவித் துருவி, பழி தம் நிரலின்மீதன்று, சில்லின்மீதே என்று நிறுவினார். நிறுவனம் அதற்கென ஒதுக்கிய இழப்புத் தொகை 47.5 கோடி டாலர்.

பெடர்சன் 2004-இல் மறைந்தார். ஸ்பைஸின் வழிவந்த நிரல்கள் பல, இன்று விலைக்கும் உண்டு, விலையின்றியும் உண்டு. பெர்க்லியின் மூன்றாம் ஸ்பைஸிலிருந்து கிளைத்த 'என்ஜிஸ்பைஸ்' மூலநிரலோடு இலவசமாகக் கிடைக்கிறது. அதைத் திறப்போர், ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அந்த எல்லை எழுதப்பட்டுள்ள இடத்தைத் தாமே காணலாம். எண்ணைப் பதினாயிரத்தில் ஒன்றாக்கி, விடை மாறுகிறதா என்றும் ஓட்டிப் பார்க்கலாம்.