நல்ல சமாரியர் உவமை: விளக்கங்களின் வரலாறு

நல்ல சமாரியர் கதை லூக்கா நற்செய்தியின் 10-ஆம் அதிகாரத்தில் மட்டுமே உள்ளது. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கிச் சென்ற ஒருவர் கள்வரிடம் அடிபட்டுக் குற்றுயிராகக் கிடக்கிறார். அவ்வழியே வந்த குருவும் லேவியரும் விலகிப் போகின்றனர். யூதர்கள் பகைவராகக் கருதிய சமாரியர் ஒருவர் அவருடைய காயங்களைக் கட்டி, தம் விலங்கின்மேல் ஏற்றி, சத்திரத்தில் சேர்த்து, இரண்டு தெனாரியம் கொடுத்துச் செல்கிறார். இயேசுவின் உவமைகளை எப்படிப் படிப்பது என்ற நீண்ட விவாதத்தின் ஒவ்வொரு கட்டமும் இச்சிறு கதையில் தடம் பதித்திருக்கிறது.

உவமையின் ஒவ்வொரு கூறுக்கும் மறைபொருள் காணும் உருவக விளக்கம் நற்செய்திகளுக்குள்ளேயே தொடங்கிவிட்டது. மாற்கு 4-ஆம் அதிகாரத்தில் விதைப்பவர் உவமையை அடுத்து அதற்கான விளக்கமும் வருகிறது: விதை இறைவார்த்தை, பறவைகள் சாத்தான், முட்செடிகள் உலகக் கவலையும் செல்வ மாயையும். பின்வந்தோர் இதையே முன்மாதிரியாகக் கொண்டனர். 3-ஆம் நூற்றாண்டில் ஓரிஜென், தமக்கு முந்தைய மூத்தவர் ஒருவரின் விளக்கம் என்று சொல்லி, சமாரியர் கதையை முழுமையாக உருவகப்படுத்தித் தருகிறார். அடிபட்டவர் ஆதாம்; எருசலேம் விண்ணகத் தோட்டம்; எரிகோ இவ்வுலகம்; குரு திருச்சட்டம்; லேவியர் இறைவாக்கினர்; சமாரியர் கிறிஸ்து; சத்திரம் திருச்சபை. அகுஸ்தீன் (354–430) இதை விரித்து, சத்திரக்காரரைத் திருத்தூதர் பவுலாகவே கண்டார்.

இன்றைய வாசகருக்கு இது வலிந்து பொருள் கொள்வதாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் காலத்தில் அது பெரும்பணி ஆற்றியது. மனித வீழ்ச்சி முதல் கிறிஸ்துவின் மறுவருகை வரையான மீட்பு வரலாற்றை ஒரே கதையில் சொல்லவும், எழுத்தறியாத மக்களுக்குக் கற்பிக்கவும் அதனால் முடிந்தது. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பிரான்சின் சார்த்ர் பேராலய வண்ணக் கண்ணாடிச் சாளரம் ஒன்று சமாரியர் கதையையும் ஆதாம், ஏவாள் கதையையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டுகிறது.

மாற்றுக் குரலும் தொடக்கத்திலேயே ஒலித்தது. திராட்சைத் தோட்ட வேலையாட்கள் உவமையை விளக்கும்போது யோவான் கிறிசோஸ்தோம், உவமையின் எல்லாக் கூறுகளையும் துருவி ஆராய வேண்டாம், அது சொல்லப்பட்ட நோக்கத்தை அறிந்தால் போதும் என்று அறிவுறுத்தினார். 16-ஆம் நூற்றாண்டில் கால்வின் சமாரியரைக் கிறிஸ்துவாகக் காணும் விளக்கத்தை வெளிப்படையாக மறுத்தார். எனினும் மறையுரை மேடைகளில் பழைய விளக்கமே நெடுங்காலம் நிலைத்தது.

உறுதியான முறிவு ஜெர்மனியில் நிகழ்ந்தது. மார்புர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் அடோல்ஃப் யூலிக்கர், 1899-இல் நிறைவுற்ற தம் இரு தொகுதி நூலில், உவமைக்கு ஒரே மையக் கருத்துதான் உண்டு, உருவகங்கள் பிற்காலத் திருச்சபை ஏற்றியவை என்று வாதிட்டார். இதில் அவர் வரம்பு மீறினார் என்றே சொல்ல வேண்டும். 1904-இல் பவுல் ஃபீபிக், யூத ரபிகளின் உவமைகளில் உருவகக் கூறுகள் இயல்பாகவே கலந்திருப்பதை எடுத்துக்காட்டினார். யூலிக்கர் கண்ட மையக் கருத்துகளும் எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் பொதுவான அறவுரைகளாகவே அமைந்தன. அப்படிப்பட்ட அறவுரைகளுக்காக ஒருவரைச் சிலுவையில் அறைந்திருப்பார்களா என்ற ஐயம் அடுத்த தலைமுறைக்கு எழுந்தது.

அதற்கான விடையை இங்கிலாந்தின் சி.எச். டாட் 1935-இலும், ஜெர்மனியின் யோவாக்கிம் எரேமியாஸ் 1947-இலும் வரலாற்றில் தேடினர். ஒவ்வோர் உவமையும் இயேசுவின் பணியில் ஒரு குறிப்பிட்ட நெருக்கடியின்போது, குறிப்பிட்ட கேட்போரை நோக்கிச் சொல்லப்பட்டது என்பது அவர்கள் நிலைப்பாடு. 1945-இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கிடைத்த தோமா நற்செய்தியில் விதைப்பவர் உவமை விளக்கம் ஏதுமின்றிக் காணப்படுகிறது. விளக்கம் பின்னர் சேர்ந்தது என்போருக்கு இது வலுச் சேர்த்தது.

கேட்போரை மீட்டெடுத்ததே இந்த ஆய்வின் பெரும்பேறு. கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் இறுதியில் யூத ஆட்சியாளர் யோவான் ஹிர்கானு, கெரிசீம் மலையிலிருந்த சமாரியர் கோவிலை அழித்தார். கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் சமாரியர் சிலர் எருசலேம் கோவிலில் மனித எலும்புகளைச் சிதறித் தீட்டுப்படுத்தியதாக யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதுகிறார். லூக்காவின் முந்தைய அதிகாரத்திலேயே சமாரியர் ஊரொன்று இயேசுவை ஏற்க மறுக்கிறது. யாக்கோபும் யோவானும் வானத்திலிருந்து தீ வரவழைத்து அதை அழிக்கலாமா என்று கேட்கின்றனர். குரு, லேவியர் என்று கேட்டவர்கள் மூன்றாவதாக இஸ்ரயேலர் ஒருவரையே எதிர்பார்த்திருப்பார்கள். வந்தவரோ பகைவர்.

அண்மைக் கால யூத அறிஞர்கள் இன்னொரு திருத்தமும் செய்துள்ளனர். பிணத்தைத் தொட்டால் தீட்டு என்பதால்தான் குரு விலகினார் என்பது மறையுரைகளில் பரவலான விளக்கம். ஆனால் லூக்காவின்படி குரு எருசலேமிலிருந்து இறங்கி வருகிறார். கோவில் பணிக்குச் செல்லும் வழியில் அவர் இல்லை. மேலும், கேட்பாரற்றுக் கிடக்கும் பிணத்தைத் தலைமைக் குருவும் அடக்கம் செய்யலாம் என்று யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா அனுமதிக்கிறது. 2014-இல் வெளிவந்த நூலில் ஏமி-ஜில் லெவைன் இதை வலியுறுத்தி, தீட்டைக் காரணமாக்குவது யூத நெறியையே இழிவாகக் காட்டுவதில் முடிகிறது என்று எச்சரித்தார். கதையும் குருவுக்கு எந்தச் சாக்கும் தரவில்லை: அவர் கண்டார், மறுபக்கமாக விலகிச் சென்றார் என்பதோடு லூக்கா நிறுத்திக்கொள்கிறார்.