தொடக்க ஊதியமும் தொலைந்த ஆண்டுகளும்

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பின்படி ஆசிரியர் நியமனம் நடைபெற்ற காலம். சூன் மாதக் காலையொன்றில் ஓர் அரசுப் பள்ளியில் இருவர் இடைநிலை ஆசிரியராகப் பணியேற்கின்றனர் என வைத்துக்கொள்வோம். ஒருவர் இளைஞர், வகுப்பறைக்கே புதியவர். மற்றவர் தம் முறை வரும்வரை 15 ஆண்டுகள் தனியார் பள்ளியில் குறைந்த கூலிக்குப் பாடம் நடத்தித் தலை நரைத்தவர். மாத இறுதியில் ஊதியப் பட்டியல் வருகிறது. இருவருக்கும் ஒரே தொகை. இது நீதியா, அநீதியா? விடை காண, இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைச் சற்றே திரும்பிப் பார்ப்பது நல்லது.

சமமான தொடக்க ஊதியம் ஓர் அநீதியைப் போக்கவே பிறந்தது. நூறாண்டுகளுக்கு முன் உலகின் பல நாடுகளில் ஆசிரியரின் ஊதியம் ஆளைப் பார்த்தே முடிவாயிற்று. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியரைவிடத் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கும், ஆணைவிடப் பெண்ணுக்கும், வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கும் குறைவாகக் கொடுத்தனர். 1921இல் டென்வர், டி மாய்ன் ஆகிய இரு நகரங்கள், எந்த வகுப்பை நடத்தினாலும் கல்வித் தகுதியும் பணி ஆண்டுகளும் மட்டுமே ஊதியத்தை நிர்ணயிக்கும் என்ற ஒற்றை ஊதிய முறையை ஏற்றன. பிற நகரங்களும் படிப்படியாகப் பின்தொடர்ந்தன. அதிகாரியின் விருப்பு வெறுப்புக்கு அஞ்சி வாழ்ந்தவர்களுக்கு அது ஒரு கேடயமாயிற்று.

நம் நாட்டில் 1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கை, தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு அரசு மானியம் வழங்கும் முறைக்கு வழிவகுத்தது. மறைப்பணியாளர்களின் பள்ளிகள் பல அதனால் வளர்ந்தன. தமிழ்நாட்டில் அரசு உதவி பெறும் பள்ளியின் ஆசிரியரும் அரசுப் பள்ளி ஆசிரியரும் பின்னர் ஒரே ஊதிய விகிதத்தின் கீழ் வந்தனர். தாளாளரின் மனநிலையைப் பார்த்து ஊதியம் வாங்கும் நிலை அவர்களைப் பொறுத்தவரை ஒழிந்தது. இது சிறிய நன்மையன்று.

இந்த ஊதிய விகிதம் அனுபவத்தை மறந்துவிடவும் இல்லை. ஆறாவது ஊதியக் குழுவுக்கு முன் இடைநிலை ஆசிரியரின் விகிதம் 4500–125–7000. அதாவது, 4500 ரூபாயில் தொடங்கி, ஆண்டுக்கு 125 ரூபாய் கூடி, 20 ஆண்டுகளில் 7000 ரூபாயை எட்டும். ஓராண்டு அனுபவத்தின் விலை 125 ரூபாய் என்று அரசே எழுதி வைத்தது போலத்தான் இது. ஆயின், பணிப்பதிவேட்டில் ஏறிய ஆண்டுகளுக்கே அவ்விலை. நாம் கண்ட நரைத்த தலையரின் 15 ஆண்டுகளும் கணக்கில் வந்திருந்தால் அவர் 6375 ரூபாயில் தொடங்கியிருப்பார். அவை பதிவேட்டுக்கு வெளியே கழிந்தமையால் 4500 ரூபாயில் தொடங்கினார்.

அரசின் வாதத்தையும் கேட்க வேண்டும். தனியார் பள்ளி தரும் அனுபவச் சான்றை எவ்வாறு நம்புவது? ஒருவரின் ஆண்டுகளை ஏற்று, மற்றவரின் ஆண்டுகளைத் தள்ளினால் மீண்டும் பாரபட்சம் நுழையாதா? அனைவருக்கும் ஒரே தொடக்கம் என்பது எளியது, வழக்குக்கு இடமற்றது. இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் அரசு தன் பதிவேட்டிலேயே உள்ள ஆண்டுகளை மறந்தபோது அவ்வாதம் வலுவிழந்தது.

2003ஆம் ஆண்டுக்குப் பின் தமிழ்நாட்டில் ஆசிரியர்கள் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டனர். ஆண்டு உயர்வோ அகவிலைப்படியோ இல்லாத நிலையான தொகை அது. 1.6.2006 முதல் அவர்கள் காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். மகிழ்ச்சிக்குரிய செயலே. ஆயினும் ஈராண்டு முழுமையாக உழைத்தவரும் அதற்குச் சில மாதங்கள் முன்பு சேர்ந்தவரும் அன்று ஒரே இடத்திலிருந்து தொடங்கினர். வகுப்பறையில் மெய்யாகவே கழிந்த அந்த ஆண்டுகளைப் பணிக்காலமாகக் கருத வேண்டும் என்று அவர்கள் பின்னர் நெடுங்காலம் கேட்டு வந்தனர்.

மூன்றாண்டுகள் கழித்து வேறொரு தேதிக்கோடு வரையப்பட்டது. 2009 சூன் முதல் நாள் ஆறாவது ஊதியக் குழுவின் பரிந்துரைகளுக்கு ஆணை பிறந்தது. அதற்கு முன் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்குப் பழைய 4500 ரூபாயை 1.86ஆல் பெருக்கி 8370 ரூபாய் அடிப்படை ஊதியமாயிற்று. அன்றும் அதன் பின்னும் சேர்ந்தவருக்கோ 5200 ரூபாயே தொடக்கம். இருவருக்கும் தர ஊதியம் 2800 ரூபாய்தான். படிப்பும் பாடநூலும் வகுப்பும் ஒன்றே. வேறுபாடு மட்டும் 3170 ரூபாய். ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்ற முழக்கத்துடன் 2018இலும் 2022 டிசம்பரிலும் சென்னையில் அவர்கள் உண்ணாநோன்பு இருந்தனர். அனுபவம் வேறாயினும் சமம் என்று முன்பு சொன்ன அதே ஏடு, தகுதி ஒன்றாயினும் சமமல்ல என்று இப்போது சொல்லிற்று. இரண்டு முறையும் மனிதரின் உழைப்பை அளந்தது நாட்காட்டியே.

மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் வரும் திராட்சைத் தோட்ட உவமை இங்கு நினைவுக்கு வரலாம். கடைசி மணியில் வந்தவருக்கும் ஒரு தெனாரியம், காலைமுதல் உழைத்தவருக்கும் ஒரு தெனாரியம். ஆகவே முணுமுணுக்காதீர் என்று ஆசிரியரிடம் சிலர் இவ்வுவமையைக் காட்டுவதுண்டு. இறைவனின் இரக்கத்தைப் பேசும் உவமை அது. ஊதியப் பட்டியல் அன்று. அப்படியே எடுத்துக்கொண்டாலும் ஒன்றைக் கவனியுங்கள்: அந்தத் தோட்ட உரிமையாளர் எவருடைய கூலியையும் குறைக்கவில்லை. கடைசியில் வந்தவரும் அன்றிரவு பசியின்றி உறங்கும் அளவுக்குத் தம் பணத்திலிருந்து கொடுத்தார். முந்தி வந்தவரின் உழைப்பை மறந்து மிச்சம் பிடிப்பதற்கு அவரைச் சான்றாக அழைக்கலாகாது.

இக்கேள்வி அரசோடு நின்றுவிடுவதில்லை. உதவி பெறும் பள்ளிகளின் ஆசிரியர் அறையிலேயே அரசு ஊதியம் பெறுபவரும், நிர்வாகம் தரும் சிறுதொகைக்குப் பணியாற்றுபவரும் அருகருகே அமர்ந்திருப்பதை நாம் அறிவோம். நம் பிள்ளைகளுக்கு அகரம் கற்பிப்பவர்களுள் அந்த இரண்டாமவரும் இருக்கிறார். அவருடைய ஆண்டுகளை எந்தப் பதிவேடும் எண்ணவில்லை. பங்கிலும் பள்ளிக் குழுவிலும் பொறுப்பு வகிக்கும் நாம் அவற்றை எண்ணத் தொடங்கலாம்: ஆண்டுதோறும் முறையான உயர்வு, உழைத்த காலத்துக்கு மறுக்காமல் தரும் உண்மையான சான்று, விடைபெறும் நாளில் உரிய தொகை. அரசின் ஆணைக்குக் காத்திராமலே இவற்றைச் செய்ய நம்மால் இயலும்.