புரோட்டியசோமும் நோய் எதிர்ப்பும்

செல்லுக்குள் வேலை முடிந்த, பழுதான, தவறாக மடிந்த புரதங்களை உடைத்து மீண்டும் அமினோ அமிலங்களாக்கும் செயல் புரதச் சிதைவு எனப்படும். மனித செல்லில் இது பெரும்பாலும் இரண்டு வழிகளில் நடக்கிறது. ஒன்று, அமிலம் நிறைந்த லைசோசோம் பைகளுக்குள் நடப்பது. மற்றொன்று, யுபிகுவிட்டின் என்னும் சிறு புரதம் ஒட்டி அடையாளமிடப்பட்டவற்றைப் புரோட்டியசோம் என்னும் நொதித் தொகுதி துண்டாக்குவது. இதைச் செல்லின் கழிவகற்றும் பணியாக மட்டுமே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அந்தப் பார்வை போதாது. வைரஸ் புகுந்த செல்லை வெள்ளணு இனங்காண்பதும், அழற்சி தொடங்குவதும், தொடங்கிய அழற்சி அடங்குவதும் இந்தச் சிதைவை நம்பியே இருக்கின்றன. அது பழுதாகும்போது, எந்தத் தொற்றும் இல்லாமலேயே உடல் காய்ச்சலிலும் வீக்கத்திலும் தவிக்கிறது.

ஆற்றல் ஏன் செலவாகிறது?

வளர்ந்த உடலின் புரதங்கள் ஒருமுறை கட்டப்பட்டால் பெரும்பாலும் அப்படியே நிலைத்திருக்கும் என்றுதான் 1930கள் வரை நம்பினார்கள். ஜெர்மனியிலிருந்து நியூயார்க் வந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ருடால்ஃப் ஷோன்ஹைமர், கனமான நைட்ரஜன் சேர்த்த அமினோ அமிலங்களை எலிகளுக்கு உணவில் கொடுத்தார். அவை சில நாட்களிலேயே திசுப் புரதங்களில் கலந்திருந்தன. உடலின் புரதம் ஓயாமல் உடைந்து ஓயாமல் கட்டப்படுகிறது என்பது அப்போதுதான் தெளிவானது. பெல்ஜியத்தில் கிறிஸ்டியன் டி டுவ் குழுவினர் 1955 இல் லைசோசோமைக் கண்டறிந்ததும், சிதைவு நடக்கும் இடம் தெரிந்துவிட்டது என்று பலர் நிம்மதி அடைந்தனர்.

ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. கல்லீரல் துண்டுகளை வைத்து மெல்வின் சிம்ப்சன் 1953 இல் செய்த ஆய்வு, செல்லுக்குள் புரதம் உடைய ஆற்றல் தேவைப்படுகிறது என்று காட்டியிருந்தது. குடலில் நாம் உண்ட பருப்பின் புரதம் செரிக்க அப்படி எந்த ஆற்றலும் வேண்டியதில்லை. வேதியியல்படி உடைப்பது ஆற்றலை வெளிவிடும் வினை. அப்படியிருக்க, செல் ஏன் ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறை எரிக்கிறது? எதை உடைப்பது, எதை விடுவது என்று தேர்ந்தெடுக்கத்தான் அந்தச் செலவு. இந்த விடை கிடைக்கக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

விடை கிடைத்தது இஸ்ரேலின் ஹைஃபா நகரிலுள்ள டெக்னியான் நிறுவனத்தில். லைசோசோமே இல்லாத இளம் சிவப்பணுக்களிலும் ஏடிபி சார்ந்த சிதைவு நடப்பதை ஆல்ஃபிரெட் கோல்ட்பெர்க் குழு 1977 இல் காட்டியிருந்தது. அவ்ரம் ஹெர்ஷ்கோவும் அவருடைய மாணவர் ஆரன் சிகனோவரும் முயலின் இளம் சிவப்பணுச் சாற்றிலிருந்து ஹீமோகுளோபினை நீக்குவதற்காக அதை ஒரு பத்தியின் வழியே செலுத்தினார்கள். சாறு இரண்டு பகுதிகளாகப் பிரிந்தது. தனித்தனியே எதுவும் வேலை செய்யவில்லை. கலந்தால் சிதைவு நடந்தது. முதல் பகுதியைச் சூடாக்கினார்கள். மற்ற புரதங்கள் திரிந்து படிய, தேவையான பொருள் மட்டும் கரைசலில் கெடாமல் நின்றது. அதற்குக் கதிரியக்க அயோடின் சேர்த்துப் பார்த்தபோது, ஏடிபி இருக்கும் இடத்தில் அது பல புரதங்களோடு வேதிப் பிணைப்பாகவே ஒட்டிக்கொள்வது தெரிந்தது. பிலடெல்ஃபியாவின் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்தில் இருந்த எர்வின் ரோஸுடன் சேர்ந்து இவர்கள் 1980 இல் இதை வெளியிட்டார்கள். அந்தப் பொருள்தான் 76 அமினோ அமிலங்கள் கொண்ட யுபிகுவிட்டின். கிடியன் கோல்ட்ஸ்டைன் 1975 இலேயே அதைப் பிரித்தெடுத்திருந்தார். அதன் வேலை என்ன என்பது மட்டும் தெரியாமல் இருந்தது. ஹெர்ஷ்கோ, சிகனோவர், ரோஸ் மூவருக்கும் 2004 இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

யுபிகுவிட்டினை ஒட்டும் வேலையில் மூன்று வகை நொதிகள் கைமாற்றிச் செயல்படுகின்றன. இ1 அதை ஏடிபி செலவில் தயார்ப்படுத்துகிறது. இ2 ஏந்திச் செல்கிறது. இ3 உரிய புரதத்தைத் தேர்ந்து ஒட்டுகிறது. மனிதரில் இ3 வகை 600க்கு மேல். இ1 இரண்டே இரண்டு. அலெக்சாண்டர் வர்ஷாவ்ஸ்கி குழு 1984 இல், வெப்பம் கூடினால் இ1 செயலிழக்கும் ஒரு சுண்டெலி செல் வகையை ஆராய்ந்தது. வெப்பம் ஏறியதும் குறுகிய ஆயுள் கொண்ட புரதங்களின் சிதைவு பெருமளவு நின்றுபோனது. உயிருள்ள செல்லிலும் சிதைவு இந்த ஒரு நொதியைச் சார்ந்திருக்கிறது என்பதற்கு அது சான்று. அதே நொதி மனிதரிடம் கெட்டால் என்ன ஆகும் என்பது 2020 இல் தெரியவந்தது.

அடையாளமிட்டதை உடைக்கும் தொகுதிக்கு 1988 இல் புரோட்டியசோம் என்று பெயர் வந்தது. அதன் உடல் ஒரு பீப்பாய்: ஏழேழு துணைப் புரதங்கள் கொண்ட நான்கு வளையங்கள், ஆக 28. வெட்டும் முனைகள் எல்லாம் உள்வளையங்களின் உட்புறத்தைப் பார்த்தபடி இருக்கின்றன. வாயில் அமர்ந்திருக்கும் தொப்பி, யுபிகுவிட்டின் சங்கிலியைக் கண்டால்தான் புரதத்தின் மடிப்பைப் பிரித்து உள்ளே தள்ளும். கண்டதையெல்லாம் வெட்டாமல் செல் பிழைத்திருப்பது இந்த அமைப்பால்தான்.

செல்லின் உட்புறம் வெளியே தெரிவது எப்படி?

ஆஸ்திரேலியாவின் கான்பெர்ராவில் ரோல்ஃப் சிங்கர்நாகலும் பீட்டர் டோஹர்ட்டியும் 1974 இல் கண்டது இது: வைரஸ் தொற்றிய செல்லைக் கொல்லும் டி செல் என்னும் வெள்ளணு, வைரஸை மட்டும் பார்ப்பதில்லை, எம்எச்சி என்ற உடலின் சொந்தப் புரதத்தையும் சேர்த்தே பார்க்கிறது. ஆனால் செல்லுக்குள் ஒளிந்திருக்கும் வைரஸ் புரதத்தை வெளியிலிருக்கும் டி செல் எப்படி அறியும்? ஆக்ஸ்ஃபோர்டில் ஆலன் டவுன்செண்ட் 1986 இல் விடையை நெருங்கினார். முழுப் புரதம் தேவையில்லை; இன்ஃபுளுயன்சாவின் உட்புரதத்திலிருந்து ஒரு சிறு துண்டு போதும், டி செல் பாய்ந்துவிடும். அடுத்த ஆண்டே எம்எச்சியின் படிக அமைப்பு வெளியானது. அதன் உச்சியில் ஒரு பள்ளம் இருந்தது. பள்ளத்தில் ஒரு பெப்டைடு துண்டு.

துண்டை வெட்டித் தருவது புரோட்டியசோம். எம்எச்சி மரபணுக்கள் அமைந்த அதே இடத்தில் புரோட்டியசோமின் இரண்டு துணைப் புரதங்களுக்கான மரபணுக்களும் இருப்பது 1991 இல் தெரிந்தபோது சந்தேகம் வலுத்தது. புரோட்டியசோமை மருந்தால் தடுத்தால் எம்எச்சியில் துண்டுகள் ஏறுவது நின்றுபோகிறது என்பதை 1994 இல் கென்னத் ராக், கோல்ட்பெர்க் குழுவினர் காட்டினர். இண்டர்ஃபெரான் காமா என்னும் எதிர்ப்புச் சமிக்ஞை சுரந்ததும் செல், பழைய வெட்டு முனைகளுக்குப் பதிலாக வேறு மூன்றைப் பொருத்திப் புதிய புரோட்டியசோம்களைக் கட்டுகிறது. எம்எச்சி பள்ளத்தில் நன்றாகப் பொருந்தும் முனை கொண்ட துண்டுகளை இவை கூடுதலாகத் தருகின்றன. இவ்வகைக்கு இம்யூனோபுரோட்டியசோம் என்று பெயர். புரோட்டியசோம் வெட்டும் சில துண்டுகள் நேரடியாகவே பாக்டீரியாவைக் கொல்கின்றன என்று வைஸ்மன் நிறுவனத்தின் யிஃபாட் மெர்பல் குழு 2025 இல் அறிவித்தது, இத்துறையில் அண்மையில் வந்தவற்றுள் மிகவும் கவனிக்கத்தக்கது.

வைரஸ்களும் இந்த ஏற்பாட்டை அறிந்தவை போலவே நடந்துகொள்கின்றன. சைட்டோமெகலோ வைரஸ், புதிதாகக் கட்டப்பட்ட எம்எச்சியையே இழுத்துப் புரோட்டியசோமுக்குத் தள்ளிவிடுகிறது. எச்ஐவியின் விஃப் புரதம், தன்னை எதிர்க்கும் மனிதப் புரதம் ஒன்றின்மேல் யுபிகுவிட்டினை ஒட்ட வைத்து அழிக்கிறது.

அழற்சியின் விசை

அழற்சி மரபணுக்களை இயக்கும் முதன்மைப் புரதம் என்எஃப்-கப்பா பி. சாதாரண நாளில் ஒரு தடுப்புப் புரதம் அதைச் செல்லின் சாற்றிலேயே கட்டிப்போட்டிருக்கும். கிருமியின் அறிகுறியோ டிஎன்எஃப் போன்ற சமிக்ஞையோ வந்தால், அந்தத் தடுப்பின்மேல் யுபிகுவிட்டின் ஏறி, சில நிமிடங்களில் புரோட்டியசோம் அதை அழித்துவிடும். விடுபட்ட என்எஃப்-கப்பா பி உட்கருவுக்குள் நுழையும். இது 1994 இல் நிறுவப்பட்டது. அழற்சியை அடக்குவதும் யுபிகுவிட்டின் சார்ந்த வேலைதான். ஏ20 என்ற நொதி யுபிகுவிட்டின் சமிக்ஞைகளைத் திருத்தி விசையை அணைக்கிறது. அது இல்லாத சுண்டெலிகள் பிறந்து சில வாரங்களில் கடும் அழற்சியால் இறக்கின்றன. அதன் ஒரு பிரதி குறைந்த மனிதர்களுக்குச் சிறுவயதிலேயே வாய்ப்புண், பிறப்புறுப்புப் புண், காய்ச்சல் என்று பெசெட் நோயை ஒத்த துன்பம் வருவது 2016 இல் கண்டறியப்பட்டது.

புரோட்டியசோமைத் தடுக்கும் போர்ட்டெசோமிப் 2003 இல் அமெரிக்காவில் மல்டிபிள் மைலோமா புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. அந்தப் புற்றுநோய் எழும் பிளாஸ்மா செல்கள் ஓயாமல் எதிர்ப்பொருள் புரதம் கட்டுபவை. சிதைவு நின்றால் பழுதான புரதம் குவிந்து முதலில் மடிபவையும் அவையே.

லைசோசோம் வழிக்கும் இங்கே இடமுண்டு. வெளியிலிருந்து விழுங்கிய கிருமியின் புரதம் அங்கேதான் துண்டாகி, இரண்டாம் வகை எம்எச்சியில் ஏறுகிறது. குளோரோகுயின் லைசோசோமின் அமிலத்தைக் குறைப்பதால் இது தடைபடும் என்று 1982 இல் காட்டப்பட்டது. லூபஸ் நோயாளிகள் இன்றும் ஆண்டுக்கணக்கில் உட்கொள்ளும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் உதவும் வழிகளில் இதுவும் ஒன்றாகக் கருதப்படுகிறது. செல் தன் உறுப்புகளையே லைசோசோமுக்கு அனுப்பும் ஆட்டோஃபேஜியில் பங்குபெறும் ஒரு மரபணுவின் மாறுபாடு, குரோன் குடலழற்சி நோயோடு தொடர்புடையது என்பது 2007 இல் தெரிந்தது.

சிதைவு கெட்டால் வரும் நோய்கள்

ஜப்பானில் நகாஜோ 1939 இலும் நிஷிமுரா 1950 இலும் ஒரு விந்தையான நோயைப் பதிவு செய்தார்கள். குளிர்காலத்தில் கைகால்களில் சிவந்த தடிப்பு, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், நீண்டு கணுக்கள் பருத்த விரல்கள், முகத்திலும் மேல் உடம்பிலும் கொழுப்பு கரைந்துபோதல். காரணம் 2011 இல் வெளியானது: இம்யூனோபுரோட்டியசோமின் வெட்டு முனை ஒன்றைக் கட்டும் பிஎஸ்எம்பி8 மரபணு பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதாக வந்திருந்தது. மேற்கு நாடுகளில் கேண்டில் என்று பெயரிடப்பட்ட குழந்தை நோயும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது என்பது பின்னர் உறுதியானது.

இங்கேதான் எதிர்பார்ப்பு தலைகீழானது. நோய் எதிர்ப்புக்கு வேண்டிய கருவி பழுதானால் கிருமிகள் பெருகும் என்றுதான் நினைக்கத் தோன்றும். இக்குழந்தைகளிடமோ வைரஸே இல்லாமல் வைரஸுக்கு எதிரான இண்டர்ஃபெரான் ஓயாமல் சுரக்கிறது. உடையாத புரதங்கள் குவிவதைச் செல் ஆபத்தின் அறிகுறியாக எடுத்துக்கொள்கிறது என்பதே இன்றைய விளக்கம். இண்டர்ஃபெரான் மேலும் இம்யூனோபுரோட்டியசோமைக் கட்டச் சொல்கிறது, கட்டப்படுவதும் பழுதானதே. இந்தச் சுழலை நடுவில் அறுக்க, இண்டர்ஃபெரான் சமிக்ஞையைத் தடுக்கும் பாரிசிட்டினிப் கொடுத்துப் பார்த்தார்கள். 2018 இல் வெளியான முடிவில், கேண்டில் நோயாளிகள் பத்துப் பேரில் ஐவருக்கு நோய் அடங்கியிருந்தது. செல்லின் வேதியியலைப் புரிந்துகொண்டது நேராகக் குழந்தைகளுக்கு நிவாரணமாக வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இத்துறையில் இல்லை.

அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தினர் 2020 இல் நோயிலிருந்து மரபணுவுக்குப் போகாமல் மரபணுவிலிருந்து நோய்க்கு வந்தார்கள். காரணம் தெரியாத அழற்சி உள்ளோரின் மரபணுத் தொடர்களில் யுபிகுவிட்டின் நொதிகளைத் தேடியபோது, 25 ஆண்களிடம் யூபிஏ1 என்ற இ1 நொதியில் ஒரே இடத்தில் பழுது கிடைத்தது. அது பிறவிப் பழுது அல்ல. நடுவயதுக்குப் பின் எலும்பு மஜ்ஜையின் செல்லில் தோன்றி ரத்த செல்களில் பரவுவது. மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஒரே எக்ஸ் கொண்ட ஆண்களையே பெரும்பாலும் தாக்குகிறது. வெக்சாஸ் என்று பெயரிடப்பட்ட இந்நோயில் காது, மூக்குக் குருத்தெலும்பு வீங்கி வலிக்கும். தோலில் தடிப்பும் நுரையீரலில் அழற்சியும் வரும். சிவப்பணு பெரிதாகி ரத்தசோகை ஏற்படும். மஜ்ஜையின் முன்னோடி செல்களில் நுரை போன்ற வெற்றுக்குமிழ்கள் தெரியும். பென்சில்வேனியாவில் 2023 இல் வெளியான ஆய்வின்படி, 50 வயதைக் கடந்த ஆண்களில் ஏறத்தாழ 4,300 பேருக்கு ஒருவரிடம் இப்பழுது இருந்தது. அரிது என்று ஒதுக்கிவிட முடியாத எண் இது.

ஸ்டீராய்டு குறைத்தால் உடனே திரும்பும் காய்ச்சலும், இரும்புச்சத்து மாத்திரைக்கோ வைட்டமின் ஊசிக்கோ மசியாத ரத்தசோகையும், சிவந்து வீங்கும் காதுமடலும் உள்ள வயதான ஆணுக்கு ஒருமுறை யூபிஏ1 மரபணுச் சோதனை செய்து பார்ப்பது மருத்துவரின் கடமை.