ப்யூக் கைவிட்ட எஞ்சினும் ஒரு கேம்ஷாஃப்டும்

பழைய ஆஃப்-ரோடு வண்டிகளோட வரிசையில இன்னைக்கு முதல் தலைமுறை ரேஞ்ச் ரோவர். 1970-ல வந்து, 1996 வரைக்கும் தயாரிப்பில் இருந்த வண்டி. ஆனா முழு வண்டியையும் பேசப் போறதில்ல. அதோட எஞ்சினுக்குள்ள சுத்திட்டிருக்கிற ஒரே ஒரு இரும்புத் தண்டைப் பத்திதான் பேச்சு. கேம்ஷாஃப்ட்.

மெக்கானிக்கல் படிக்காதவங்களுக்காக ஒரு நிமிஷம். எஞ்சினுக்குள்ள காத்தும் பெட்ரோலும் எப்போ உள்ள வரணும், புகை எப்போ வெளிய போகணும்னு முடிவு பண்றது வால்வுகள். அந்த வால்வுகளைத் திறக்கிறது கேம்ஷாஃப்ட்ல முட்டை வடிவத்துல இருக்கிற மேடுகள். இந்த எஞ்சின்ல 16 வால்வு, 16 மேடு. எவ்வளவு உயரம் திறக்கணும், எவ்வளவு நேரம் திறந்திருக்கணும் எல்லாமே அந்த மேட்டோட வடிவத்துலயே செதுக்கியிருக்கும். நம்ம பாஷையில சொன்னா, இரும்புல எழுதின ரீட்-ஒன்லி மெமரி. மாத்தணும்னா எடிட் பண்ண முடியாது, தண்டையே மாத்தணும்.

இந்த எஞ்சின் இங்கிலாந்துல பிறந்ததே இல்ல. ஜெனரல் மோட்டார்ஸோட ப்யூக் பிரிவு 1961-ல கொண்டு வந்த அலுமினிய வி8 இது. 215 கன அங்குலம், அதாவது 3.5 லிட்டர். எடை சுமார் 145 கிலோதான். அந்தக் காலத்து அமெரிக்க வி8-க்கு அது நம்ப முடியாத எடை. ஆனா அலுமினியத்துல பிளாக் வார்க்கிறது செலவு பிடிச்ச வேலை. வார்ப்புல நுண்துளை விழுந்து நிறைய பிளாக்குகள் கழிவாச்சு. கூலன்ட்ல தப்பான திரவம் ஊத்தினா உள்ளே அரிச்சது. இதுக்குள்ள இரும்பையே மெலிசா வார்க்கிற முறை வந்துடுச்சு. மூணே வருஷத்துல, 1963-லயே ஜிஎம் கடையைக் கட்டிடுச்சு.

கைவிட்ட பிறகுதான் இந்த எஞ்சினுக்கு வாழ்க்கையே ஆரம்பிச்சுது. இதோட ஓல்ட்ஸ்மொபீல் வடிவத்தோட பிளாக்கை எடுத்து ஆஸ்திரேலியாவோட ரெப்கோ ஒரு ரேஸ் எஞ்சின் செய்ய, அதை வச்சு ஜாக் பிராபம் 1966-ல ஃபார்முலா ஒன் உலகப் பட்டமே ஜெயிச்சார். அதுவும் தன் பேர்ல இருந்த கார்லயே. இதே குடும்பத்துல பிறந்த இரும்பு வி6 ஒண்ணு இருந்தது. அதோட தயாரிப்புக் கருவிகளை 1967-ல கைசர் ஜீப் வாங்கிடுச்சு. ஆக, ப்யூக்குக்கு வேண்டாம்னு போன அண்ணன் ரேஞ்ச் ரோவருக்கும், தம்பி ஜீப்புக்கும் போய்ச் சேர்ந்தாங்க. ஃபேமிலி காருக்காக வரைஞ்ச எஞ்சின்கள் ரெண்டும் காட்டுப் பாதைக்குப் போனது தற்செயல்தான். ஆனா எடை கம்மி, அடி வேகத்துலயே இழுவை ஜாஸ்தி. காட்டுக்கு வேற என்ன வேணும்?

ரோவருக்கு இது எப்படிக் கிடைச்சதுன்னு ஒரு பிரபலமான கதை உண்டு. நிர்வாக இயக்குநர் வில்லியம் மார்ட்டின்-ஹர்ஸ்ட் அமெரிக்காவுல படகு எஞ்சின் செய்யற மெர்க்குரி மரைன் நிறுவனத்துக்கு வேற வேலையா போனப்போ, அங்க பணிமனைத் தரையில இந்த வி8 கிடந்ததைப் பார்த்தார்னு சொல்வாங்க. 1965-ல ரோவர் உரிமையை வாங்கிச்சு. பணி ஓய்வுக்கு நெருங்கிட்டிருந்த ப்யூக் பொறியாளர் ஜோ டர்லே இங்கிலாந்துக்கே போய் உதவினார். டாக்குமென்டேஷன் மட்டும் வாங்காம அதை எழுதின ஆளையும் சேர்த்துக் கூட்டிட்டு வந்தாங்க பாருங்க, அதுதான் புத்திசாலித்தனம். 1967-ல பி5பி கார், 1970-ல ரேஞ்ச் ரோவர். 2004 வரைக்கும் லேண்ட் ரோவர் வண்டிகள்ல இதே எஞ்சின் வளர்ந்து வளர்ந்து 4.6 லிட்டர் வரை போச்சு.

இவ்வளவு வளர்ந்தும் ஒரு பலவீனம் மட்டும் கூடவே வந்தது. கேம்ஷாஃப்ட் தேயும்.

காரணம் எளிமையானது. கேம் மேட்டு மேல டாப்பெட் உருளாது, வழுக்கிட்டேதான் போகும். அந்த இடத்துக்கு எண்ணெய் பெரும்பாலும் கீழே சுத்துற கிராங்க் வீசியடிக்கிறதுல இருந்துதான் வருது. வண்டி மெதுவா ஓடினா வீச்சும் கம்மி. எண்ணெய் மாத்துறதைத் தள்ளிப்போட்டா கதை முடிஞ்சது. தேய்மானம் சத்தமில்லாம நடக்கும். வால்வு சுமார் 10 மில்லிமீட்டர் திறக்கணும். அது கொஞ்சங்கொஞ்சமா குறையும். ஓட்டுறவருக்கு வண்டி "வயசாயிடுச்சு"ன்னு தோணும், அவ்வளவுதான்.

அதனாலதான் சொல்றேன், அப்கிரேட் கேம் போட்டதும் வண்டி பறக்குதுன்னு யாராவது சொன்னா பாதி நம்புங்க. அந்த வித்தியாசத்துல பெரும் பங்கு, தேய்ஞ்ச தண்டு போய் முழுசா இருக்கிற தண்டு வந்ததால கிடைச்சது.

சரி, வாங்கப் போனா என்ன கிடைக்கும்? இங்கிலாந்துல கென்ட் கேம்ஸ், பைப்பர் மாதிரி நிறுவனங்கள் இந்த வி8-க்குன்னே பல வடிவங்கள் செய்யறாங்க. இங்கதான் ஆசை கெடுக்கும். வால்வு அதிக நேரம் திறந்திருக்கிற ரேஸ் கேம் மேல் வேகத்துல சக்தி தரும். ஆனா அடி வேகத்துல இழுவை போயிடும், ஐட்லிங் தள்ளாடும், மேனிஃபோல்ட் வாக்யூம் குறையும். பிரேக் சர்வோ அந்த வாக்யூமை நம்பித்தான் இருக்கு. செங்குத்தான பாறைச் சரிவுல இறங்கும்போது இதை யோசிச்சுப் பாருங்க. ஆஃப்-ரோடுக்கு வேண்டியது அடி வேக டார்க் கேம். கேட்லாக்ல அதோட பேரு கவர்ச்சியா இருக்காது.

இன்னொண்ணு, எஞ்சின் எந்தக் காலத்துதுன்னு பார்த்து வாங்கணும். 1990-களின் நடுவுல முன்பக்க மூடியையும் ஆயில் பம்பையும் மாத்திட்டாங்க. அதோட கேம் முனையும் மாறிச்சு. பழசுக்குப் புதுசு பொருந்தாது.

மாட்டுறது ஒரு நாள் வேலைன்னு நினைக்காதீங்க. ரேடியேட்டரைக் கழட்டணும், தண்டை முன்பக்கமா உருவுறதுக்கு. மேல இன்லெட் மேனிஃபோல்ட், ராக்கர், புஷ்ராடு, டாப்பெட் எல்லாம் வெளிய வரணும். பழைய டாப்பெட்டைப் புது கேம் மேல போடவே கூடாது. பழசு பழைய மேட்டுக்குப் பழகித் தேய்ஞ்சிருக்கும், புதுசைத் தின்னுடும். டைமிங் செயினையும் பல்சக்கரத்தையும் கையோட மாத்திடணும், ஏன்னா ஆரம்ப கால எஞ்சின்கள்ல சத்தம் குறையறதுக்காக சக்கரத்துப் பல்லுக்கு நைலான் பூச்சு. வயசானா அது உடைஞ்சு உதிரும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விவரம் ஆயில் பம்ப்தான். பழைய எஞ்சின்ல அது முன் மூடியில இருக்கு. திறந்து மூடினா உள்ளே காத்து புகுந்துடும், பம்ப் எண்ணெயை இழுக்காது. அதனால பம்ப் பல்சக்கரங்களைச் சுத்தி வாஸ்லினை அப்புவாங்க. ஆமா, நம்ம வீட்டு வாஸ்லினேதான். அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டர் குழி வழியா டிரில் மெஷின் வச்சு பம்பைச் சுத்தி, எண்ணெய் அழுத்தம் வருதான்னு பார்த்துட்டுதான் அடுத்த வேலை.

கடைசியா அந்த 20 நிமிஷம். மேடுகள்ல மாலிப்டினம் பேஸ்ட் தடவி, இக்னிஷன் டைமிங்கை முன்கூட்டியே சரியா வச்சு, முதல் சுத்துலயே ஸ்டார்ட் ஆகணும். ஸ்டார்ட்டரை இழுத்துட்டே இருந்தா பேஸ்ட் துடைச்சுக்கிட்டுப் போயிடும். ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங்ல விடக்கூடாது. உடனே 2000-லிருந்து 2500 ஆர்பிஎம், 20 நிமிஷம். டாப்பெட்டோட அடிப்பாகம் லேசா குவிஞ்சது, மேடும் லேசா சரிஞ்சது. அதனால டாப்பெட் ஓடும்போதே தன்னைத்தானே சுத்திக்கும். அந்தச் சுழற்சியில ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பழகணும். ஒரே ஒரு டாப்பெட் சுத்தாம நின்னாலும் அந்த மேடு சில நிமிஷத்துல வழிச்சுட்டுப் போயிடும். அந்த இரும்புத்தூள் எண்ணெயோட கலந்து எஞ்சின் முழுக்கப் பரவும். வாரக்கணக்கான வேலை மொத்தமும் அதோட போச்சு.

எண்ணெயும் பழைய எண்ணெய் இல்ல. தேய்மானத்தைத் தடுக்கிற துத்தநாகம்-பாஸ்பரஸ் சேர்மம் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும்கிறதால, 2004-ல வந்த ஏபிஐ எஸ்எம் தரம் மெலிசான எண்ணெய்கள்ல பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள்ள கட்டுப்படுத்திச்சு. சுற்றுச்சூழலுக்கு நியாயமான முடிவு. ஆனா பழைய வழுக்கு டாப்பெட் எஞ்சின்காரங்க அன்னைலேருந்து டப்பாவோட பின்பக்கத்தைப் படிச்சுதான் வாங்கறாங்க.

கார்புரேட்டர் இல்லாத பிந்தைய வண்டிகள்ல கேமை மாத்தினா கம்ப்யூட்டரோட பெட்ரோல் கணக்கும் மாறணும். லூகாஸ் 14சியூஎக்ஸ்ங்கிற அந்தப் பெட்டியில மொத்த புரோகிராமும் 16 கிலோபைட் சிப்ல அடக்கம். பெட்ரோல் அளவு 8 வரிசை, 16 பத்தி கொண்ட ஒரு அட்டவணை. மொத்தமே 128 எண்கள். ஆர்வலர்கள் அதைப் பிரிச்சுப் படிச்சு, புது கேமுக்கு ஏத்தபடி எண்களை மாத்தி எழுதி, சிப்பைத் திரும்ப மாட்டறாங்க. அந்த ரிவர்ஸ் எஞ்சினியரிங் கதை தனி எபிசோடுக்கான சரக்கு. ஆனா அடுத்த வாரம் ஜீப்புக்குப் போன அந்தத் தம்பி வி6. அதை 1974-ல ஜிஎம்மே திரும்ப விலை கொடுத்து வாங்கிச்சு.