மெட்ரோனோமும் மேல்சட்டையும்

பாவ்லோவ்னு சொன்னாலே நமக்கெல்லாம் மூணே விஷயம்தான்: மணி, நாய், எச்சில். நானும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படித்தேன். மணி அடித்தால் நாய்க்கு எச்சில் ஊறும், எழுதினால் மார்க் கிடைக்கும், அவ்வளவுதான். அந்த நாய்க்கு அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்கத் தோன்றவே இல்லை. பல வருஷம் கழித்து பாவ்லோவின் விரிவுரைகளைப் படித்தபோதுதான் 1924இன் வெள்ளம் கண்ணில் பட்டது.

இவான் பாவ்லோவ் செரிமானத்தை ஆராய்ந்தவர். 1904இல் நோபல் பரிசு வாங்கியதும் அதற்குத்தான். சாப்பாடு வாய்க்கு வருவதற்கு முன்பே, கொண்டுவரும் ஆளின் காலடிச் சத்தத்துக்கே நாய்களுக்கு எச்சில் ஊறியது. வேறொருவர் அதைத் தொந்தரவாக நினைத்திருக்கலாம். பாவ்லோவ் மீதி வாழ்நாளையே அதற்குக் கொடுத்தார். மணியைவிட மெட்ரோனோம், பஸ்ஸர், விளக்கு போன்றவைதான் அங்கே அதிகம். நாயின் உமிழ்நீர்க் குழாயை அறுவை செய்து கன்னத்துக்கு வெளியே கொண்டுவந்து, சொட்டுச் சொட்டாக எண்ணினார்கள்.

1898இல் அமெரிக்காவில் தார்ன்டைக் பூனைகளைப் பெட்டிக்குள் அடைத்துப் பார்த்தார். கயிற்றை இழுத்தால் கதவு திறக்கும், வெளியே மீன் இருக்கும். பூனை தன் செயலின் பலனிலிருந்து கற்றது. பாவ்லோவின் நாய்க்கு அந்த வாய்ப்பும் கிடையாது. வாரால் கட்டப்பட்டு நிற்கும். எதற்குப் பின்னால் எது வரும் என்பதை மட்டும் கற்றுக்கொள்ளும்.

1924 செப்டம்பர் 23. பின்லாந்து வளைகுடாவிலிருந்து அடித்த காற்று கடல்நீரை நேவா நதிக்குள் தள்ள, லெனின்கிராடில் தண்ணீர் 380 சென்டிமீட்டர் உயர்ந்தது. ஆய்வகத்து நாய்க்கூண்டுகளும் முழுகின. கூண்டுக் கதவுகள் தாழ்வானவை. மூச்சுக்காகத் தலையை மேலே தூக்கியிருந்த நாய்களை, தண்ணீருக்குள் அமுக்கித்தான் வெளியே இழுக்க வேண்டியிருந்தது. பிறகு அவற்றை நீந்த வைத்துக் கட்டடத்துக்குக் கொண்டுபோனார்கள்.

வெள்ளம் வடிந்தபின் வழக்கம்போல் சோதனை தொடங்கியது. மெட்ரோனோம் அடித்தது; எச்சில் வரவில்லை. எல்லா நாய்க்கும் இப்படி ஆகவில்லை. ஆனால் பயந்த சுபாவமுள்ள சில நாய்களிடம், மெனக்கெட்டு ஏற்றிய பாடம் ஒரே நாளில் அழிந்திருந்தது. மெதுவாக, ரொம்ப மெதுவாகத்தான் அது திரும்பியது. திரும்பியபின் ஒருநாள், சோதனை அறைக் கதவுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீரைக் கசியவிட்டார்கள். நாய் மிரண்டுபோனது, கற்றதெல்லாம் மறுபடி காணாமல் போனது. திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தது போய்விட்டது, ஒரே தடவை நடந்தது மட்டும் தங்கிவிட்டது.

இடையில் நடந்த ஒன்றுதான் என்னை நிறுத்தியது. அப்படி ஒரு நாயுடன், அதற்குப் பழக்கமான ஆய்வாளர் அதே அறையில் உட்கார்ந்தபோது பழைய பாடம் திரும்பியது. அவர் வெளியே போனால் மறைந்தது. பிறகு அவர் உடுத்திய துணியை நாயின் கண்ணில் படாமல் அறைக்குள் வைத்தார்கள். அந்த வாசனையே போதுமாக இருந்தது.

பாவ்லோவின் கணக்கில் அந்தத் துணியும் மெட்ரோனோம் மாதிரி ஒரு தூண்டல்தான். சரிதான். ஆனால் மெட்ரோனோமைப் பழக்கியவர்கள் அவர்கள். 'இந்த வாசனை இருந்தால் பயமில்லை' என்பதை யாரும் திட்டம் போட்டுச் சொல்லித்தரவில்லை. தன் கன்னத்தில் குழாய் வைத்த மனிதர்களிடமிருந்து நாய் அதைத் தானாகவே கற்றிருந்தது. என் பாடப்புத்தகத்தில் மணி இருந்தது. இந்தத் துணி இல்லை.